மாடியில் ஒரு கடைமடை

வாங்க தம்பி, உக்காருங்க. மூச்சு வாங்குதுங்களா? நாப்பத்திரெண்டு படி. நீங்க குடிவர்றது நடு வீடுதானே, உங்களுக்குப் பாதியோட முடிஞ்சுரும். சாவி வாங்க மட்டும் இவ்வளவு தூரம் ஏறி வரோணும். ஓனரு மேல இருந்தா அப்படித்தானுங்க.

தண்ணி வசதி எப்படின்னு கேட்டீங்க பாருங்க, அதுக்காகத்தான் உங்களை உக்கார வெச்சேன். யார்கிட்ட வந்து என்ன கேள்வி கேக்கறீங்க? பொதுப்பணித்துறையில முப்பத்திநாலு வருசம் வாய்க்கால்ல தண்ணி விட்ட ஆளுங்க நானு. எந்த மதகை எவ்வளவு தூக்கோணும், எப்ப எறக்கோணும், எல்லாம் என் வாயில இருந்துதான் வரும். இந்தக் கோபி சுத்துவட்டாரத்துல என்னைப் பாத்து எந்திரிச்சு நிக்காத வெவசாயி கெடையாது. நின்னாங்க. ரிட்டயர்டு ஆனதுக்கு அப்பறம் உக்காந்துட்டாங்க, அது வேற.

கடைமடைன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? வாய்க்காலோட கடைசி வயலுங்க. தலைமடைக்காரன் வயிறு முட்டக் குடிச்சதுக்கு அப்பறம் மிச்சம் மீதி போய்ச் சேர்ற எடம். அந்தக் கடைமடைக்காரங்க நாலு மைல் சைக்கிள் மிதிச்சு ஆபீசுக்கு வருவாங்க. "ஐயா, எங்களுக்கு இன்னும் தண்ணி வர்லீங்க"ம்பாங்க. "வரும் போங்க"ம்பேன். எல்லாருக்கும் அதே பதில்தான், ஒருத்தருக்குக்கூட மாத்திச் சொன்னதில்ல. வந்துச்சா இல்லையான்னு நான் போய்ப் பாத்ததும் இல்ல.

இந்த வீட்டைக் கட்டுனது ரிட்டயர்டு ஆன வருசம். என் பணம் கொஞ்சம், துளசிமணிக்கு அவ அப்பன் வீட்டுல வந்த பங்கு வயலை வித்தது மிச்சம். துளசிமணின்னா என் சம்சாரமுங்க. வாசல்ல கிரானைட்டுல 'துளசி இல்லம்'னு பாத்தீங்களே, அது அவ பேருதான். பேரையே வெச்சாச்சு, அதுக்கு மேல ஒரு பொம்பளைக்கு என்ன வேணும்? ஆனா அவளுக்கு வேற ஆசை. "ஏனுங்க, நம்ம கீழ் வீட்டுல இருந்துக்கலாங்க. எனக்கு முட்டி வலி. வாசல்ல நாலு செடி வெச்சுக்குவேன்"னா. நல்லாருக்குதே! நம்ம கட்டுன வீட்டுல, நம்ம தலைக்கு மேல வாடகைக்கு வந்தவன் நடக்கறதா? செடியத் தொட்டியில வெச்சு மொட்டை மாடியில வளத்துக்கன்னு சொல்லி அந்தப் பேச்சை அப்பவே முடிச்சுட்டேன்.

எஞ்சினியர்னு ஒருத்தன் வந்தான். மீசை இன்னும் முழுசா மொளைக்கல. "சார், மேல தண்ணி டேங்க்கை எட்டடி ஸ்டாண்டு போட்டுத்தான் வெக்கோணுங்க. இல்லாட்டி நீங்க இருக்கப்போற வீட்டு பாத்ரூமுக்கு பிரஷரே வராது"ன்னான். எட்டடி ஒசரத்துல கருப்பா ஒரு டேங்க் நின்னா, ரோட்டுல போறவனுக்கு வீடு தெரியுமா, டேங்க் தெரியுமா? முகப்புக்கு எவ்வளவு பாடுபட்டிருக்கோம்! அதுவும் போக, "தம்பி, தண்ணியப் பத்தி எனக்குச் சொல்றியா? தண்ணி பொறப்படற எடத்துக்குப் பக்கத்துல இருக்கறவன் தலைமடை. டேங்க்குக்குக் கீழயே நான் இருக்கறேன். எனக்கு வராம வேற எவனுக்கு வரும்?"னு கேட்டேன். ரெண்டு வரி ஹாலோ பிளாக் வெச்சு, அதுமேல டேங்க்கை உக்கார வெச்சுட்டோம். ரோட்டுல இருந்து பாத்தா டேங்க் இருக்கறதே தெரியாதுங்க.

பாத்ரூம்ல இருந்து பாத்தாலும் தெரியாது. குடிவந்த மொத நாளு ஷவரைத் தொறக்கறேன். தாம்பாளம் அகலத்துக்கு ஷவருங்க அது, கோயமுத்தூர் போயி வாங்கியாந்தது. நூத்தம்பது ஓட்டை இருக்கும். நாலு ஓட்டைல தண்ணி வந்துச்சு. அதுவும் நேரா வரல, ஷவரோட அடிப்பக்கத்தைத் தடவிக்கிட்டே ஓரத்துக்கு வந்து, விழலாமா வேண்டாமான்னு யோசிச்சுச் சொட்டுச்சு. நான் அண்ணாந்து பாத்துட்டு நின்னேன். "வரும்"னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

கீழ் வீட்டுல டிராயிங் மாஸ்டர் பெஞ்சமினும் அவரு சம்சாரம் எஸ்தர் டீச்சரும் குடி இருந்தாங்க. தங்கமான மனுசங்கதான், குத்தம் சொல்லக் கூடாது. ஆனா அந்த மனுசன் காலைல ஷவரைத் தொறந்துட்டுப் பாடுவாரு. பாட்டுகூடப் பரவால்லீங்க, பாட்டுக்குப் பின்னாடி 'சோ'ன்னு தண்ணி கொட்டற சத்தம் கேக்கும் பாருங்க, அதைத்தான் தாங்க முடியல. நான் மேல பக்கெட்டுல மொண்டு ஊத்திக்கிட்டு இருப்பேன். ஒருநாள் என்னைய வாசல்ல புடிச்சுக்கிட்டு, "சார், உங்க வீட்டு ஷவருக்கடியில நின்னா கொடிவேரி அருவியில நிக்கற மாதிரியே இருக்குதுங்க சார்"ங்கறாரு. பாராட்டறாராமா.

அன்னைக்குத்தான் எனக்கு ஒறைச்சுது. சொந்த வீட்டுல, டேங்க்குக்குப் பத்தடிக்குள்ள உக்காந்துக்கிட்டு நான் கடைமடைக்காரனாயிட்டேன். வாடகைக்கு வந்தவரு தலைமடை. இதுல என் தப்பு என்னங்க இருக்குது? தண்ணிக்கு விசுவாசம் இல்ல, அவ்வளவுதான்.

நான் பக்கெட்டோட காலத்தை ஓட்டியிருப்பேன். அந்த நேரம் பாத்துத்தான் துளசிக்குத் தோள்பட்டை புடிச்சுக்கிச்சு. சோத்துக்கை வேற. சொம்பைத் தூக்கித் தலைக்கு ஊத்த முடியல, தலை சீவ முடியல, ரவிக்கை மாட்டவே கால் மணி நேரம் ஆகும். டாக்டர்கிட்டப் போனோம். மூட்டு இறுகிப்போச்சு, தினம் சுடுதண்ணி ஷவர்ல பத்து நிமிசம் தோளைக் காட்டுங்க, அப்பறம் கையத் தூக்கித் தூக்கி எறக்குங்க, ஆறேழு மாசத்துல சரியாயிரும்னாரு. டாக்டருக்கென்ன, அவரு கீழ் வீட்டுல இருப்பாரு போல.

துளசி எதையும் ரெண்டாந்தடவை கேக்க மாட்டா. "அந்த ஷவரு வர்ற மாதிரிப் பண்ணிக் குடுங்க"ன்னு ஒரு தடவைதான் சொன்னா. அது போதும் எனக்கு. அவளுக்காகத்தானுங்க நான் எல்லாமே பண்ணுனது. இதை நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி ஆளாளுக்கு வேற மாதிரிச் சொல்லுவாங்க.

மொத வேலையா மொறைத் தண்ணி வெச்சேன். வாய்க்கால்ல எப்படி? இந்த வாரம் இந்த மதகு, அடுத்த வாரம் அந்த மதகு. அதே மாதிரி படிக்கட்டுச் செவுத்துல ஒரு காயிதம் ஒட்டுனேன். 'காலை 6 முதல் 6.30 வரை மேல் தளம். 6.30 முதல் 7 வரை நடுத்தளம். 7 முதல் 7.30 வரை கீழ்த்தளம். மற்ற நேரங்களில் குளிப்பதைத் தவிர்க்கவும். இப்படிக்கு, ரா. குழந்தைவேல், வீட்டு உரிமையாளர்.' நடு வீட்டுல அப்ப ஒரு மெடிக்கல் ரெப் இருந்தான். மூணாம் நாளு பாக்கறேன், கீழயே பேனாவுல, 'மற்ற நேரங்களில் மழை வந்தால் நனையலாமா?'ன்னு எழுதியிருக்கறான். படிச்ச திமிரு. காலி பண்ணச் சொல்லிட்டேன். பெஞ்சமின் மாஸ்டர் மட்டும் பாவம், ஏழு மணி வரைக்கும் துண்டைக் கட்டிக்கிட்டுக் காத்துக்கிட்டு இருப்பாருன்னு கேள்வி. அப்படியெல்லாம் மொறை வெச்சும் எங்க ஷவர்ல நாலு ஓட்டை ஒம்பது ஓட்டையாச்சு. அவ்வளவுதான் முன்னேற்றம்.

அப்பறம்தான் பிளம்பர் சேமலையக் கூப்புட்டேன். வந்தான், டேங்க்கைப் பாத்தான், என்னையப் பாத்தான், மறுபடி டேங்க்கைப் பாத்தான். "ஐயா, இதுக்கு பிரஷர் பம்ப்தானுங்க போடோணும். குழாயத் தொறந்தாத் தானா ஓடும், மூடுனாத் தானா நின்னுக்கும். இங்க பைப்பு மூணாப் பிரியுது பாருங்க, இதுல உங்க வீட்டுக்குப் போற பைப்புல மட்டும் மாட்டிரலாம்"னான்.

"ஏஞ்சேமலை, வாய்க்கால் தலைப்பை விட்டுப்போட்டு எவனாவது கெளை வாய்க்கால்ல போயி வேலை பாப்பானா? பிரியறதுக்கு முன்னாடியே மாட்டு. தலைப்புல வேகம் கூடுனா, பக்கத்துல இருக்கற எனக்குத்தான் மொதல்ல வரும்."

"பிரியறதுக்கு முன்னாடி மாட்டுனா மூணு வீட்டுக்கும் சேத்து ஓடுமுங்கய்யா. கீழ் வீட்டுக்குத்தான் இன்னும் ஜாஸ்தி போகும்."

"முப்பத்திநாலு வருசம் தண்ணி விட்டது நீயா, நானா?"

"நீங்கதானுங்க. மாட்டிர்றேன். அப்பறம் என்னையக் கேக்கப்படாது"ன்னான். இந்தக் காலத்துல வேலைக்காரங்களுக்கு வாய்தான் மொதல்ல வளருது.

பம்ப்புத்தான் வந்துருச்சேன்னு மொறைக் காயிதத்தைக் கிழிச்சுப்போட்டேன். மறுநாள் காலைல துளசி ஷவரைத் தொறக்கறா. பம்ப்பு 'ம்ம்ம்'னு ஒரு சத்தம் குடுத்துச்சு. நூத்தம்பது ஓட்டைலயும் தண்ணி! உள்ள இருந்து சிரிக்கறா. "ஏனுங்க, தோளுக்கு எதமா இருக்குதுங்க"ங்கறா. கலியாணமான புதுசுல கேட்ட சிரிப்புங்க அது. நான் கதவுக்கு வெளிய நின்னு மீசைய முறுக்கிக்கிட்டேன். ஒரு நிமிசம் இருக்கும். பம்ப்புச் சத்தம் இன்னும் பலமாச்சு. உள்ள தண்ணி சொட்ட ஆரம்பிச்சிருச்சு. கீழ பாட்டு கேக்குது, வழக்கத்தை விட ரெண்டு கட்டை ஒசத்தி. என் பம்ப்பு, என் கரண்டு, அவரு பாட்டு.

என்னைய யாருன்னு நெனச்சாரு அவரு? மதகு மூடியே பழகுன கைங்க இது. மூணு பைப்புலயும் வால்வு இருக்குதில்ல? அடுத்த நாள்ல இருந்து துளசி குளிக்கப் போனா நான் மொட்டை மாடிக்குப் போயி, கீழ் வீட்டு வால்வை மூடிப்போட்டு, அதுமேல கைய வெச்சுக்கிட்டு உக்காந்துக்குவேன். அங்கிருந்தே, "வருதா?"ன்னு கத்துவேன்.

"வருதுங்க. முதுகுக்குச் சோப்புத்தான் எட்டல."

"சோப்பு என் டிபார்ட்மென்ட் இல்ல. தண்ணி வருதா, அதைச் சொல்லு."

"வருது."

அப்படி ஒரு பதினஞ்சு நாளு போச்சு. தண்ணி வந்துச்சு, அதை யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது. கீழ பெஞ்சமின் மாஸ்டர் தலைக்குச் சோப்புப் போட்டுக்கிட்டு பாதிப் பாட்டுல நின்னுருவாராமா. என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேக்கல. அதுதான் எனக்கு இன்னும் கோவம்.

ஒரு வெள்ளிக்கெழமை மார்க்கெட்டுக்குப் போயிட்டு வர்றேன். படியில எனக்கு முன்னாடி துளசி ஏறிக்கிட்டு இருக்கறா. தலையில ஈரத்துண்டு. நல்லாச் சீயக்கா வாசம். "எங்க போயிட்டு வர்ற?"ன்னேன். "கீழ. எஸ்தரு தலைக்கு ஊத்தி விட்டா. முதுகு தேச்சு விட்டா"ன்னா. எனக்கு எப்படி இருக்கும் பாருங்க! வீட்டு ஓனரோட சம்சாரம், வாடகைக்காரங்க வீட்டுல போயிக் குளிச்சுட்டு வர்றா. "உனக்காக பம்ப்பு போட்டு, வால்வு மேல காவல் உக்காந்திருக்கறேன். உனக்கு என்ன கொறைச்சல்?"னு படியில நின்னே சத்தம் போட்டேன்.

அவ ஒரு படி மேல நின்னுக்கிட்டிருந்தா. திரும்பிப் பாத்தா. கோவமெல்லாம் இல்லீங்க, சாதாரணமாத்தான் சொன்னா. "ஊருக்கெல்லாம் தண்ணி விட்டீங்க. ஒரு சொம்பு மொண்டு எனக்கு ஊத்தலாம்னு உங்களுக்குத் தோணவே இல்லீங்களா?"ன்னா.

இல்லீங்க தம்பி. தோணல. நிசமாச் சொல்றேன், அந்த நிமிசம் வரைக்கும் எனக்கு அது தோணவே இல்ல. பம்ப்பு தோணுச்சு, வால்வு தோணுச்சு, செவுத்துல ஒட்டற காயிதம்கூடத் தோணுச்சு.

சரி, அன்னைக்காவது புத்தி வந்திருக்கோணுமில்ல? எனக்கு ரோசந்தான் வந்துச்சு. ஞாயித்துக்கெழமை விடியக்காலைலயே கீழ் வீட்டு வால்வை இறுக்கி மூடிப்போட்டேன். இனி அவ அங்க போயி எப்படிக் குளிக்கறான்னு பாக்கறேன்னு. துளசி குளிக்கவே இல்ல, அது தனி. மாஸ்டரும் டீச்சரும் சர்ச்சுக்குப் போயிட்டாங்க. ஒம்பது மணிக்கு எனக்கே என்னமோ மாதிரி இருந்துச்சு. மாடிக்குப் போயி வால்வை ஒரே திருப்பா முழுசாத் தொறந்து விட்டேன். வாய்க்கால்ல நான் ஒருநாளும் அப்படித் தொறந்ததில்லீங்க. கொஞ்சங்கொஞ்சமாத்தான் தூக்கோணும், இல்லாட்டிக் கரை தாங்காது. அது எனக்குத் தெரியும்.

பம்ப்பு ஓட ஆரம்பிச்சுது. ஓடுது, ஓடுது, நிக்கவே மாட்டேங்குது. "பாரு துளசி, படிச்சவங்க, குழாய மூடாமச் சாமி கும்புடப் போயிட்டாங்க"ன்னேன். "போயிப் பாத்துட்டு வாங்க"ன்னா. ஓனரு போயி வாடகைக்காரன் வீட்டுக் குழாய மூடறதாக்கும்? இங்கயே உக்காந்து பேப்பர் படிச்சேன். பத்தரைக்கு அவங்க வந்து கதவைத் தொறந்தா, வாஷ்பேசினுக்கு அடியில இருக்கற ட்யூப் வெடிச்சு, வீடு பூராக் கணுக்கால் தண்ணி. ஸ்கூல் கண்காட்சிக்குன்னு புள்ளைங்க வரைஞ்ச படமெல்லாம் மாஸ்டர் தரையில காயப்போட்டிருந்தாராமா. எல்லாம் மெதந்துக்கிட்டு இருந்துச்சு. நாப்பது அம்பது படம். மலை, சூரியன், தென்னை மரம், எல்லாம் ஒண்ணாக் கலந்து போச்சு.

"பரவால்லீங்க சார், பசங்க மறுபடி வரைஞ்சுக்குவாங்க"ன்னாரு மாஸ்டர். அவ்வளவுதான் சொன்னாரு. எஸ்தர் டீச்சர் அந்தப் படத்தையெல்லாம் மொட்டை மாடிக் கொடியில போட, துளசி ஒத்தைக் கையில கிளிப்பு மாட்டுனா. அடுத்த மாசம் வீட்டைக் காலி பண்ணிட்டாங்க. ஒரு ட்யூப் வெடிச்சதுக்கெல்லாமா வீட்டைக் காலி பண்ணுவாங்க? சொல்லுங்க. புது ட்யூப் நானேதான் மாட்டிக் குடுத்தேன்.

அவங்க போன அன்னைக்குத் துளசி கூட்டித் தொடைக்கறேன்னு கீழ எறங்கிப் போனா. பொழுதாச்சு, மேல வரல. போயிப் பாத்தா, சேமலைய வெச்சு ஒரு கட்டிலையும் அடுப்பையும் எறக்கியிருக்கறா. வாசல்ல நாலு செடித்தொட்டி. "என்ன இது?"ன்னேன். "நான் இங்கயே இருந்துக்கறேன். மேல இருக்கறது உங்க வீடு. இது எங்கப்பன் வயலு"ன்னா.

அதனால கீழ் வீடு காலி இல்லீங்க தம்பி. நிறையப் பேரு கேக்கறாங்க, பூட்டியே கெடக்குதேன்னு. பூட்டியெல்லாம் கெடக்கல, அங்க என் சம்சாரம் குடியிருக்கறா. வாடகை பாக்கி வெக்காத ஒரே ஆளு. சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. மூணு வேளையும் நாந்தான் சாப்பாட்டுக்கு எறங்கிப் போறேன், சோத்தை மாடிக்கு ஏத்தறதுக்கு இன்னும் பம்ப்பு கண்டுபுடிக்கல. போறேன், சாப்புடறேன், வர்றேன். மேலயே இருந்துக்கோங்கன்னும் சொல்ல மாட்டா, இங்கயே இருங்கன்னும் சொல்ல மாட்டா. கூப்புட்டா எறங்கிருவேனுங்க. ஓனராவது ஒண்ணாவது. ஆனா கூப்புடல.

பெஞ்சமின் மாஸ்டர் சொன்ன கொடிவேரி இப்ப அவளுக்கு. தினம் அதுல நின்னு நின்னு, கை இப்பக் காது வரைக்கும் தூக்கறா. மேல எனக்கு அதே பழைய பக்கெட்டுத்தான். அவ கீழ தொறக்கறப்ப எனக்கு ஷவர் சொட்டுது. போன வாரம் சேமலை வந்தான். "ஐயா, இப்பவாவது பம்ப்பை உங்க பைப்புக்கு மட்டும் மாத்திரட்டுங்களா? அரை நாள் வேலை. கீழ தொறந்தா ஓடாது, உங்களுக்கு மட்டும் ஓடும்"னான். போடா உன் வேலையப் பாத்துக்கிட்டுன்னு தொரத்திட்டேன். இத்தனை நாளு அவன் பேச்சைக் கேக்காம இருந்துட்டு, இப்பக் கேட்டா மரியாதை என்ன ஆகறது?

இந்தா, கேக்குதுங்களா? 'ம்ம்ம்'னு. விட்டு விட்டு ஓடுது பாருங்க, செடிக்கு ஊத்தறா. பாத்திரம் கழுவுனா வேற மாதிரி ஓடும். குளிக்கறப்ப ஒரே சீராப் பத்து நிமிசம். காலைல ஆறு மணிக்கு நான் இந்த நாற்காலியில வந்து உக்காந்துருவேன். ஆறு பத்து, ஆறு பதினஞ்சு, அதுக்குள்ள ஓடிரும். ஓடிருச்சுன்னா எந்திரிச்சிருக்கறா, நடந்திருக்கறா, நல்லாருக்கறான்னு அர்த்தம். அப்பறம்தான் நான் பல்லே வெளக்குவேன்.

போன மாசம் ஒருநாளு ஏழு மணியாச்சு, ஓடல. நாப்பத்திரெண்டு படியும் எப்படி எறங்குனேன்னே தெரியலீங்க. செருப்புக்கூடப் போடல. கதவைத் தட்டறேன், தட்டறேன். தொறந்தா. "தூங்கிப்போட்டேன். ஏனுங்க, என்ன?"ன்னா. "தண்ணி வருதான்னு பாக்க வந்தேன்"னேன். என் காலைப் பாத்தா. "வருதுங்க"ன்னா. முப்பத்திநாலு வருச வேலையும் அதுக்கப்பறமும் சேத்து, வந்துச்சான்னு நான் எறங்கிப் போயிப் பாத்தது அந்த ஒரு தடவைதான்.

இருங்க, சாவி தர்றேன். வாடகையெல்லாம் நீங்க சொன்னதே இருக்கட்டும், அதுல ஒண்ணும் இல்ல. தண்ணி இருவத்திநாலு மணி நேரமும் வரும். நடு வீட்டுக்கு நல்லாவே வரும், பாடிக்கிட்டே குளிக்கலாம். ஒரே ஒரு கண்டிசன். முன்னாடி பாக்க வந்தவங்கள்லாம் இதைக் கேட்டுட்டுத்தான் எந்திரிச்சுப் போனாங்க, நீங்களாவது உக்காந்து கேளுங்க. காலைல ஆறுல இருந்து ஆறரை வரைக்கும் உங்க வீட்டுல ஒரு குழாயும் தொறக்கப்படாது. மொறைத் தண்ணி எல்லாம் இல்லீங்க, அந்தக் காயிதத்தை என்னைக்கோ கிழிச்சாச்சு. நீங்க தொறந்தாலும் அந்தப் பம்ப்பு ஓடுமில்ல? ஓடறது உங்களுக்கா, அவளுக்கான்னு எனக்குத் தெரியாமப் போயிருமுங்க.